ஆறு வோல்ட்

மருத்துவமனை, மூன்றாம் மாடி
10 அக்டோபர் 1954

அன்புள்ள அக்கா ரைலிக்கு,

ஆர்மாஸ் எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் மாடுகள் மூன்றும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. கட்டில் நன்றாக இருக்கிறது. கஞ்சியும் பாலும் வேண்டிய மட்டும் கொடுக்கிறார்கள். இருமல் அப்படியேதான், ஆனால் அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. எல்லோருக்கும் இருப்பதைப் பேசி என்ன?

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. படகுக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மூன்று கோடை ஆற்றில் மரம் மிதக்கவிட்ட கூலி அது. நான் ஓட்டியது இருபத்தாறு நாள். இருபத்தேழாம் நாள் காசநோய் பார்க்கிற எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வந்துவிட்டது. பெட்ரோலை வடித்துவிட்டேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டேன். கொட்டகையில் விட்டால் பனிக்காலம் முடிவதற்குள் அது செத்துப்போகும். அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

இருக்கைக்கு அடியில் கறுப்புப் பெட்டி. வண்டிச் சட்டத்தில், சேசிஸில், முடுக்கியிருக்கும் ஒயரை முதலில் கழற்று, அப்புறம் மற்றது. வீட்டுக்குள் கொண்டுவந்து பலகை மேல் வை. அடுப்புப் பக்கம் வேண்டாம், வாசல் பக்க மூலையில் வை. மேலே மூன்று மூடி இருக்கும். தண்ணீர் தட்டுகளுக்கு மேல் ஒரு விரல் அகலம் நிற்க வேண்டும். குறைந்தால் ஆற்றுத் தண்ணீர் ஊற்றாதே, இரும்புச் சத்து அதைக் கொன்றுவிடும். புதுப் பனியை எனாமல் கிண்ணத்தில் உருக்கி ஊற்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அக்கரை மர அறுவை ஆலைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடு. ரேடியோ பேட்டரிகளுக்குப் போடுகிற ஊனோ இதற்கும் போடுவான்.

கோடையில் வருவேன். அது தயாராக இருக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்.

உன் தம்பி
ஆர்மாஸ்


குர்த்தோவாரா
31 அக்டோபர் 1954

அன்புத் தம்பி ஆர்மாஸுக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் நலம். உன் எடை எவ்வளவு, சளியில் ரத்தம் உண்டா, காய்ச்சல் மாலையில் வருகிறதா என்று அடுத்த கடிதத்தில் ஒவ்வொன்றாக எழுது.

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இத்தனை சின்னப் பெட்டி இத்தனை கனம் என்று நீ சொல்லவில்லையே. மூலையில் பலகை மேல் வைத்தேன். அப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள ஒரு ஆளுக்கு எடம் வேணும்னு சொல்லி விறகுப் பெட்டிய நகத்திட்டியா?" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'குடித்தனக்காரர்'.

ஆறு இன்னும் உறையவில்லை. படகில்தான் போனேன். ஊனோ என்னைப் பார்த்ததும் சிரித்தான். "ஏம்மா, தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான், அவன் வண்டியோட ஈரல நீ தூக்கிக்கிட்டு அலையிறியா?" என்றான். ஆனால் வேலையில் கெட்டிக்காரன். மூடிகளைத் திறந்து வைத்தான். வாயில் சுருட்டோடு வந்த ஒருவனை, "வெளிய போய் ஊது! இதுலேர்ந்து வர்ற காத்து தீயப் பார்த்தா வெடிக்கும்" என்று விரட்டினான்.

ஒயரை மாட்டிய கொஞ்ச நேரத்தில் மூடி ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். அடியிலிருந்து குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. ஊசிமுனை அளவுக் குமிழ்கள், ஓயாமல், ஒரு சத்தமும் இல்லாமல். மீன்குஞ்சுக் கூட்டம் மூச்சு விடுவதுபோல. தீ இல்லை, சூடு இல்லை, எதுவும் நகரவில்லை. அது மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் பால் கறக்கப் போக வேண்டியதை மறந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயால் தண்ணீரை உறிஞ்சிக் காட்டினான். உள்ளே ஒரு மிதவை. "இது கீழ கெடந்தா பட்டினி. மேல வந்தா வயிறு நெறஞ்சிருக்கு" என்றான். மறுநாள் காலை பார்த்தபோது அது மேலே வந்திருந்தது.

பதில் எழுது. எடையை மறக்காதே.

உன் அக்கா
ரைலி


மருத்துவமனை
21 நவம்பர் 1954

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நானும் நலமே. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

குமிழ்களைப் பற்றி நீ எழுதியதைப் பக்கத்துக் கட்டில் ரெய்னோவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்பது வயது, தெற்கே பஸ் ஓட்டினவர். "உங்க அக்கா பேட்டரியப் பாக்கல தம்பி, தொட்டிலப் பாக்குறாங்க" என்றார்.

இங்கே வைத்தியம் என்னவென்று கேட்டால் நீ நம்பமாட்டாய். தினம் இரண்டு மணி நேரம் எங்களைத் திறந்த மாடத்தில் வரிசையாகப் படுக்க வைக்கிறார்கள். ரோமத் தோல் பைக்குள் நுழைந்து மூக்கு மட்டும் வெளியே. பேசக்கூடாது. நேற்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிர். நாற்பது பேர் மூச்சு நாற்பது புகையாக ஏறுகிறது. எதிரே பைன் மரங்கள் மட்டும். பனி விழுகிற சத்தம் கேட்கும் என்று இத்தனை வருஷம் பனிக்குள் வாழ்ந்தும் எனக்குத் தெரியாது. கேட்கிறது அக்கா. உப்பைத் துணியில் கொட்டுவதுபோல.

ஒரு விஷயம் முக்கியம். ஆறு உறைந்தபின் சறுக்குவண்டியில் கொண்டுபோவாய். வரும்போது பயமில்லை. நிறைந்த பேட்டரி நம் ஊரின் எந்தக் குளிரிலும் உறையாது. காலியான பேட்டரி பத்து டிகிரிக் குளிரிலேயே உறைந்து பிளந்துவிடும். உள்ளே இருப்பது அதே திரவம்தான். நிறைந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம். ஆகவே காலியாக விடாதே. அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதே. விளக்குக்கு வேண்டாம், ஊனோவின் ரேடியோவுக்கும் வேண்டாம். எவன் கேட்டாலும் கொடுக்காதே. சத்தியம் செய்.

ஆர்மாஸ்


குர்த்தோவாரா
12 டிசம்பர் 1954

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரித்தாகிவிட்டது, எடை மட்டும்தான் பதிலாக வந்தது. இருக்கட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். சிவப்பி சினையாக இருக்கிறாள்.

ஆறு உறைந்துவிட்டது. குடித்தனக்காரரைக் கம்பளியில் சுற்றி, சறுக்குவண்டியின் இருக்கையில் கட்டி, ஒன்பது கிலோமீட்டர் உதைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். சூரியன் வருவது நின்றுவிட்டது. நடுப்பகலில் தெற்கே ஒரு ரோஜா நிறக் கோடு, அவ்வளவுதான். மறுநாள் மூன்று மணிக்குத் திரும்பும்போது நட்சத்திரங்கள் முழுதாக வந்திருந்தன. நடு ஆற்றில் வண்டியை நிறுத்தினேன். வானத்தில் வடதுருவ ஒளியின் பச்சை வெளிச்சம் கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய துணிபோல ஆடியது. காலுக்கடியில் பனிக்கட்டி ஒரு நீண்ட முனகல் முனகி ஓய்ந்தது. எனக்கு முன்னால் கம்பளிக்குள் இந்தப் பெட்டி. மேலே இருப்பதும் இதற்குள் இருப்பதும் ஒரே சாமான்தான் என்று ஊனோ சொல்கிறான். அவன் சொல்வதில் பாதி பொய். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். விடுதலை நாளன்று சன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தோம். அப்பா அதைப் பார்த்துவிட்டு மூலையைப் பார்த்தார். "அந்தக் குடித்தனக்காரன் வாடகையே குடுக்க மாட்டானா?" என்றார். நான் போய் வண்டியின் முன்விளக்கைக் கழற்றி வந்து ஒயரைத் தொட்டேன். இருபது எண்ணும்வரைதான், சத்தியமாக.

ஆர்மாஸ், இந்த வீட்டை அப்பா போரில் எரிந்த வீட்டின் சாம்பல் மேல் கட்டி எட்டு வருஷமாகிறது. இந்தச் சுவரை இதுவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு கோடரி வெட்டும் தெரிந்தது. அப்பா எழுந்துபோய் கையால் தடவினார். "இது யாரு வெட்டினது? நானா? இவ்ளோ கோணலாவா?" என்றார். பிறகு இன்னொரு கட்டையில் கை நின்றது. "இந்தக் கட்ட உங்கம்மா புடிச்சுக்கிட்டது. அவ கை நடுங்கிச்சு" என்றார். அதற்குள் இருபது ஆகிவிட்டது. அணைத்துவிட்டேன். வெகுநேரம் அவர் சுவரை விட்டு வரவில்லை.

திட்டுவதானால் என்னைத் திட்டு.

ரைலி


மருத்துவமனை
4 ஜனவரி 1955

அக்கா,

புது வருஷ வாழ்த்து உங்கள் இருவருக்கும். நான் நலம்.

இருபது எண்ணியது மன்னிக்கப்பட்டது. இனி வேண்டாம். வடக்கே குளிர் இறுகுகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

இந்த மாதம் மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர். இங்கே கொஞ்சம் வேலைகள் இருக்கின்றன. கடிதம் தாமதமானால் தபாலைத் திட்டு, என்னைத் திட்டாதே.

தண்ணீர் மட்டம் பார்த்தாயா? முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் சோடா கரைத்துத் துடைத்து, வாஸ்லின் தடவு. மிதவை எங்கே நிற்கிறதென்று ஒவ்வொரு தடவையும் எழுது.

ஆர்மாஸ்


குர்த்தோவாரா
30 ஜனவரி 1955

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி?

பேட்டரி நன்றாக இருக்கிறது. போன சனிக்கிழமை நாற்பத்தொரு டிகிரி குளிர். அன்று அடுத்த வீட்டு ஐனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். என் கோட்டு கொஞ்சம் பொத்தலாகிவிட்டது. ஒட்டுப்போட வேண்டும்.

இந்த மாதம் எழுத வேறு ஒன்றும் இல்லை.

ரைலி


குர்த்தோவாரா
20 பிப்ரவரி 1955

ஆர்மாஸ்,

நீ எழுதி ஏழு வாரம். தபால்காரர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் பார்க்கிறார். மை தீர்ந்துவிட்டதா? பென்சிலால் எழுது. கோபமா? அதையாவது எழுது.

மிதவை பழைய இடத்தில் இல்லை, கொஞ்சம் கீழே நிற்கிறது. ஏனென்று கேட்காதே.

நீ நலமாக இருக்க வேண்டும். வேறு எனக்கு என்ன வேண்டும்?

ரைலி


குர்த்தோவாரா
27 பிப்ரவரி

மகனே,

அப்பா எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது போர்முனையிலிருந்து. கையெழுத்தைப் பார்த்து யாருக்காவது கைகால் விளங்காமல் போய்விட்டதா என்று பயப்படாதே. எனக்கு மூட்டுவலி தவிர ஒன்றும் இல்லை.

உன் அக்கா ஒரு மாதமாகத் திருடியவள்போல நடக்கிறாள். சொல்ல மாட்டேன் என்கிறாள். என்னையும் சொல்லக்கூடாது என்கிறாள். நான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஐனிக்கு வலி கண்டது. புருஷன் மரம் வெட்டும் முகாமில். சர்ச் ஊரில் இருக்கும் ஒரே வாடகைக் காரைக் கூப்பிட்டால் அது கிளம்பவில்லை. அதன் பேட்டரி உறைந்து வெடித்துக் கிடந்ததாம். மருத்துவச்சி லெம்பி குதிரைச் சறுக்கில் வந்து சேர்ந்தாள். புருவத்தில் பனிக்கட்டி. ஐனி வீட்டுச் சவுனாவை, அந்த நீராவிக் குளியல் குடிலை, சூடாக்கி வைத்திருந்தோம். இந்த ஊரில் பாதிப்பேர் பிறந்தது சவுனாவில்தான், நீயும் அப்படித்தான் பிறந்தாய். நான் விறகு வெட்டினேன். ரைலி உள்ளே.

மூன்று மணிக்குக் குழந்தை பிறந்து அழுதது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. உள்ளே எங்கோ கிழிந்திருக்கிறது, இடம் தெரியவில்லை. வெளியே இருட்டு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு லெம்பி கத்துவது கேட்டது. "இந்த லாந்தர வெச்சு நான் என்னத்தப் பாக்குறது? கிட்டக் கொண்டாந்தா அவளச் சுடுது, தள்ளி வெச்சா என் நெழலே விழுது! எனக்கு வெளிச்சம் குடுங்கடி, இல்லன்னா இவ போயிருவா!"

உன் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். தலையில் துணிகூட இல்லை. திரும்பி வரும்போது ஒரு கையில் வண்டி விளக்கு, ஒரு கையில் அந்தப் பெட்டி. முந்தாநாள்தான் ஊனோவிடமிருந்து நிறைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

நான் உள்ளே போகவில்லை. ஆண்பிள்ளை போகும் இடமில்லை. வெளியே நின்றேன். சவுனாவுக்கு ஒரு சன்னல், ரொட்டி அளவு. அது திடீரென்று வெள்ளையானது. மஞ்சள் இல்லை, வெள்ளை. அந்த வெளிச்சம் வெளியே வந்து பனி மேல் நீளமாகப் படுத்தது. அதற்குள் பறந்த ஒவ்வொரு பனித்தூளும் தனித்தனியாகத் தெரிந்தது. எதிரே அந்தக் கிழட்டு ஸ்ப்ரூஸ் மரம் அடியிலிருந்து நுனிவரை எழுந்து நின்றது. அறுபது வருஷமாக அந்த மரத்தைத் தெரியும். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்தது மாதிரி இருந்தது. என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். நாற்பத்தொரு டிகிரியில். வலது காது இன்னும் தோல் உரிகிறது.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் எரிந்தது. என் கடிகாரத்தில் பார்த்தேன். அவ்வளவு நேரமும் ரைலி மண்டியிட்டு, கை அசையாமல் பிடித்திருந்தாள் என்று லெம்பி சொன்னாள். கடைசித் தையலின்போது வெளிச்சம் முட்டைக்கரு நிறத்துக்கு இறங்கிவிட்டதாம். நூலை அறுத்தாள். அணைந்தது. லெம்பி அப்புறம் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "முப்பது வருஷமா இருட்டுல தடவித் தடவியே பாத்துட்டேன் ஈசாக்கி. இன்னைக்குத்தான் நான் என்ன செய்யிறேன்னு நானே பாத்தேன்" என்றாள். பிறகு அழுதாள்.

காலியான பேட்டரி உறைந்துபோகும் என்று நீ எழுதியிருந்தாயாம். ரைலி அதைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கோட்டில் விழுந்த பொத்தல் அந்த ஆசிட்தான். மறுநாள் அதே மாதிரி கோட்டுக்குள் வைத்தே அக்கரைக்குக் கொண்டுபோனாள். ஊனோ தலையை ஆட்டினான். "இது இனிமே எந்திரிக்குமான்னு சொல்ல முடியாதும்மா" என்றான். மூன்று நாள் அவன் வீட்டுச் சமையலறையில் தங்கி, குறைந்த மின்சாரத்தில் நிறைத்துக்கொண்டு வந்தாள். மிதவை பழைய உயரத்துக்கு ஒரு நூல் குறைவு, ஆனால் எழுந்தது.

நீ கொடுக்காதே என்று சொன்னதைக் கொடுத்துவிட்டாள். திட்டுவதானால் திட்டு. ஆனால் திட்டுவதற்காகவாவது எழுது.

இன்னொன்று. உன் கடிதங்களில் எடை மட்டும் இருக்கிறது. கன்றை விற்க வந்தவன்தான் எடையை மட்டும் சொல்வான்.

அப்பா
ஈசாக்கி


மருத்துவமனை
8 மார்ச் 1955

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் ரைலி அம்மாவுக்கும்,

வணக்கம். நான் ரெய்னோ, உங்கள் ஆர்மாஸின் பக்கத்துக் கட்டில். அவன் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். முதலில் சொல்லிவிடுகிறேன், அவன் உயிரோடு இருக்கிறான்.

ஜனவரி பத்தொன்பதில் அவனுக்கு அறுவை செய்தார்கள். பிப்ரவரியில் இன்னொன்று. இடப்பக்கம் ஏழு விலா எலும்பை எடுத்துவிட்டார்கள், கெட்டுப்போன நுரையீரல் சுருங்கி மூடிக்கொள்ள. "ஊர்ல தெரிய வேணாம் அண்ணே, அவங்க அந்தக் குளிர்ல ஒண்ணும் செய்ய முடியாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இரண்டாவதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவில்லை. மூன்று வாரம் யாரையும் அடையாளம் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. தெரிய ஆரம்பித்தபின் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தத் திருப்பலை இங்கே நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம் ஐயா. அதற்கு அப்புறம் என்ன வரும் என்றும் தெரியும்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. அவனைக் கட்டிலோடு மாடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பேசக்கூடாத நேரம். நான் பேசினேன். முழுக் கடிதத்தையும் சத்தமாகப் படித்தேன். நர்ஸ் தடுக்க வந்து, பாதி வழியில் நின்று, அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் வெள்ளையான இடம் வந்தபோது நாற்பது பேரில் ஒருவரும் இருமவில்லை. இந்த இடத்தில் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று வெளியே இருக்கும் உங்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

நான் முடித்ததும் சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "எவ்ளோ நேரம் எரிஞ்சுதாம்?"

"ஒரு மணி அம்பது நிமிஷம்."

உதடு அசைந்தது. கணக்குப் போட்டான். "முப்பது வாட் பல்பு அண்ணே. அஞ்சு ஆம்பியர். அப்ப... கிட்டத்தட்ட முழுசா எரிஞ்சிருக்கு. நான் வெச்சிருந்தாக்கூட அவ்ளோ நெறஞ்சு இருந்திருக்காது." பிறகு இந்தப் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் ஈரம். "கோட்டுக்குள்ள வெச்சா தூக்கிட்டுப் போனா? ஆசிட்ட? பைத்தியம்" என்று சிரிக்கப் பார்த்தான். தையல் இழுத்தது. "அய்யோ, சிரிக்க வெக்காதீங்கடா" என்று திட்டினான்.

சாயங்காலம் ரெண்டு கிண்ணம் சூப் குடித்தான். இன்று காலையும். உங்களுக்கு எழுத இது போதும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று முழு வார்டும் கேட்கிறது.

தங்கள் நலம் நாடும்
ரெய்னோ


மருத்துவமனை
17 ஏப்ரல் 1955

அன்புள்ள அக்கா,

நானே எழுதுகிறேன். நீயும் அப்பாவும் அந்தக் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எடை ஐம்பத்தெட்டு. இங்கே வந்தபோது இருந்ததைவிட ஒன்பது கிலோ குறைவு. இரண்டு கிலோ கூடியது என்று எழுதியது பொய். ரத்தம் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இருந்தது. இப்போது இல்லை. கடைசி மூன்று பரிசோதனையிலும் சளியில் கிருமி இல்லை. இடது தோள் சரிந்துவிட்டது. சட்டை ஒரு பக்கம் தொங்குகிறது. இடது கை மார்புவரை ஏறுகிறது, அதற்கு மேல் இல்லை. கிளட்சைப் பிடிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கிளட்ச் என்றால் என்னவென்று கேட்டார். காட்டினேன். "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அறுவைக்குப் போன காலையில் நான் ரொம்பப் பயந்துபோயிருந்தேன். மருந்து கொடுத்து எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை. சேசிஸ் ஒயர் முதலில், அப்புறம் மற்றது, மூடி மூன்று, தண்ணீர் ஒரு விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். நர்ஸ் அப்புறம் சொன்னாள்.

நீ செய்ததைப் பற்றி எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்துவிட்டேன். அறுவை முடிந்து நான் படுத்திருந்த மூன்றாம் நாள் அது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என் விளக்கு என்று நினைத்திருந்த ஒன்று எங்கோ எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

பனி உருகியதும் வண்டியை வெளியே எடு. சும்மா நின்றால் கெடும். பேட்டரியை மாட்டும்போது வரிசை மாறும், சேசிஸ் ஒயர் கடைசியில். பெட்ரோல் ஊற்று. கார்புரேட்டர் மேல் ஒரு சின்னப் பொத்தான், பெட்ரோல் கசியும்வரை அழுத்து. சாவியைத் திருப்பு. சிவப்பு விளக்கு வந்தால் உதை.

கிளம்பினால், நீயே ஓட்டு.

ஆர்மாஸ்


குர்த்தோவாரா
24 மே 1955

என் தம்பிக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. ஒரு நாள் முழுக்க மாட்டுக் கொட்டகையில் அழுதேன். சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், அது என் ஒட்டுப்போட்ட கோட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. இப்போது நலம். அப்பாவுக்குக் காதும் ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு உடைந்தது. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காலையில் ஒரு வெடி. பிறகு முழு ஆறும் ஒரே சமயத்தில் நடக்க ஆரம்பித்தது. வீடு அளவுப் பனிப்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிமிர்ந்து நின்று சரிந்தன. தரை அதிர்ந்தது. சன்னல் கண்ணாடி பாடியது. ஊரே கரைக்கு வந்துவிட்டது. ஐனியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் யாரிடமும் பேச முடியாது, அவ்வளவு சத்தம். எல்லோரும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கொட்டகைக்குப் போனேன். உதைத்து வண்டி கிளம்பாவிட்டாலும் யாருக்கும் கேட்காது என்பதற்காக.

நீ சொன்ன வரிசைப்படி மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு வந்தது, ஆர்மாஸ். ஏழரை மாதம். முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு தும்மல். மூன்றாவது என்னையே தூக்கி எறிந்தது. நான்காவதில் அது எழுந்தது. ஆற்றுச் சத்தத்தில் காதுக்குக் கேட்கவில்லை. கைப்பிடியில் தெரிந்தது. தோள்வரை ஏறியது. உள்ளே ஏதோ என்னிடம் ஆமாம், ஆமாம் என்று சொல்வதுபோல.

திரும்பிப் பார்த்தால் அப்பா. முழு ஊரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதில் வாய் வைத்துக் கத்தினார். "அணச்சிராத! ஓட்டு!"

"எனக்குத் தெரியாதுப்பா!"

"எனக்கும்தான் தெரியாது! ஓட்டு!"

முதல் நாள் வேலிவரை போனேன், வேலியோடு முடிந்தது. முழங்காலில் தோல் போனது, வண்டிக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பாலம்வரை. இன்று காலை சர்ச் ஊர்வரை போய் லெம்பிக்கு முட்டை கொடுத்துவிட்டுத் திரும்பினேன். லைசென்ஸ் கேட்கிற காவலர் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், பெரிய மனிதர், நடக்கமாட்டார். மூன்றாவது கியர் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஸ்ப்ரூஸ் காட்டுக்கு நடுவே அந்த நேர்ச் சாலையில் வரும்போது, ஒரு இடத்தில், நான் கத்தினேன். யாரும் இல்லை. சும்மா கத்தினேன்.

குழந்தையைப் பற்றி ரெய்னோவிடம் சொல். நான்கு மாதம் ஆகிறது, கொழுகொழுவென்று இருக்கிறது. ஐனி ஒவ்வொரு தடவையும் என்னைக் கண்டதும் அதை என் கையில் கொடுத்துவிடுகிறாள்.

ஜூன் பதினொன்றில் உன்னை அனுப்புகிறார்கள் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பஸ் சர்ச் ஊரோடு நின்றுவிடும். அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். யாரிடமும் குதிரை கேட்காதே, யார் காரிலும் ஏறாதே. நான் கடை வாசலில் நிற்பேன். மூட்டையை முதுகில் கட்டிக்கொள். பின்னால் ஏறி உட்கார்ந்து வலது கையால் என்னைப் பிடித்துக்கொள். ஒரு கை போதும். மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

உன் அக்கா
ரைலி

அவள் மெதுவாக ஓட்டுவதில்லை. இறுக்கிப் பிடித்துக்கொள். - அப்பா